எதோடு ஒப்பிட்டு?

உழவர்கரை நகராட்சி எல்லைக்குள், கோரிமேட்டில், இரண்டு மருத்துவ நிறுவனங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று ஜிப்மர். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இன்னொன்று இந்திரா நகரில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் தொடங்கிய அந்த மையத்தின் வேலை, கொசுவையும் அது பரப்பும் நோய்களையும் ஆராய்வது. ஜிப்மரில் மருத்துவர் ஒவ்வொரு நோயாளியாகப் பார்க்கிறார். இந்திரா நகர்க்காரர்கள் ஊர் ஊராகப் போய் எண்ணுகிறார்கள். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று கேட்டால், ஒவ்வொருவராகப் பார்ப்பதால் மட்டும் விடை கிடைப்பதில்லை. ஏன் என்பதைக் காட்ட, இந்த வட்டாரத்தை நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோயே போதும்.

யானைக்கால் வந்தவரை வீக்கம் மட்டும் படுத்துவதில்லை. திடீரென்று தொடையிடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து கனலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் தூக்கிப்போடும். வேலைக்குப் போக முடியாது. ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். தாங்க முடியாமல் போகும்போதுதான் வைத்தியரிடமோ மருந்துக் கடைக்கோ போவார்கள். அங்கே கொடுத்ததை எடுத்துக்கொண்டால் மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். "அந்த ஊசி போட்டதும் ரெண்டே நாள்ல வத்திப்போச்சு" என்று அவர் சொல்வது உண்மை. ஊசி போட்டது உண்மை, வற்றியதும் உண்மை. ஆனால் இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே தணியும் இயல்புடையது. உச்சத்தில் இருக்கும்போது எதைக் கொடுத்தாலும் அடுத்து வருவது இறக்கம்தான். பச்சிலைப் பற்று, பாடம் போடுதல், மாத்திரை, வெறும் ஓய்வு என்று அந்த நாளில் எது கையில் இருந்ததோ அதற்கே புகழ் போய்ச் சேரும்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்தார், வாங்கியவர் குணமானார். மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, தோல் அரிப்பு, வீசிங் என்று ஏறி இறங்கும் நோய்கள் எல்லாவற்றிலும் இதே கதை நடக்கிறது. நோய் உச்சத்தில் இருக்கும்போது நாம் மருந்தைத் தேடுகிறோம். மருந்து கைக்கு வரும் நேரமும் நோய் இறங்கத் தொடங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் ஒரு சிகிச்சையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு? இதை எடுத்துக்கொண்டவர் குணமானார், சரி. எடுத்துக்கொள்ளாத, மற்றபடி இவரைப் போன்றே இருந்த இன்னொருவருக்கு என்ன ஆனது?

இந்தக் கேள்வியை எண்களால் கேட்ட முன்னோடிகளில் ஒருவர் பாரிஸ் மருத்துவர் பியர் லூயி. ஜிப்மரின் தொடக்கமாகச் சொல்லப்படும் பிரெஞ்சு மருத்துவப் பள்ளி புதுச்சேரியில் 1823இல் தொடங்கியது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1835இல், லூயி தன் நிமோனியா நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். அன்று ஐரோப்பாவில் காய்ச்சல் என்றாலே ரத்தத்தை வடித்துவிடுவார்கள். முதல் நான்கு நாளுக்குள் ரத்தம் வடிக்கப்பட்டவர்களில் 44 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதற்குப் பிறகு வடிக்கப்பட்டவர்களில் 25 சதவீதம். ரத்தம் வடிப்பதன் மகிமை அந்தக் கணக்கில் ஆட்டம் கண்டது. ஆனால் கூர்ந்து பார்த்தால் இந்த ஒப்பீட்டிலும் ஓட்டை இருக்கிறது. நான்காம் நாளுக்குப் பிறகு வடிக்கப்பட்டவர் என்றால் அவர் ஏற்கெனவே நான்கு நாள் உயிரோடு இருந்தவர். கடுமையான நோயாளிகள் அதற்குள் இறந்துபோயிருப்பார்கள், அல்லது அவசரமாக முதலிலேயே வடிக்கப்பட்டிருப்பார்கள். இரண்டு கூட்டமும் தொடக்கத்தில் ஒன்றுபோல இல்லாவிட்டால் முடிவில் தெரியும் வேறுபாட்டை எதன் தலையில் போடுவது?

தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்கான விடை புதிதல்ல. உத்தரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையில், முதலில் தகுதி பார்க்கிறார்கள்: நிலம், வயது, கல்வி, நடத்தை. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்ட பிறகு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் கையை விட்டு எடுக்கிறான். எந்தப் பெரியவரின் விருப்பு வெறுப்பும் அந்தக் கையில் ஏறாது. நல்ல மருத்துவச் சோதனையும் இதே வரிசையில்தான் நடக்கிறது. யார் சேரலாம் என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள். சேர்ந்த பிறகு அவருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. இவர் ஏழை, இவர் பலவீனமானவர், இவர் சொன்ன பேச்சுக் கேட்பவர் என்று மருத்துவரின் மனம் போடும் கணக்குகள் அங்கே நுழைய முடியாது. வயது, எடை, வறுமை மட்டுமல்லாமல், நாம் இன்னும் பெயர் வைக்காத காரணங்களும்கூட இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். குலுக்கலின் பெரும்பலம் இந்தக் கடைசி விஷயத்தில் இருக்கிறது. தெரிந்த காரணங்களைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். தெரியாத காரணங்களைச் சமமாக்கக் குலுக்கலை விட்டால் வேறு வழியில்லை.

இனி யானைக்காலுக்குத் திரும்பலாம். இந்திரா நகர் மையத்தின் ஆய்வாளர்கள் 1990களில் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். டி.இ.சி. என்ற பழைய மாத்திரை, ஐவர்மெக்டின் என்ற புதிய மாத்திரை, இரண்டில் எதை ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கொரு முறைபோலக் கொடுத்தால் புழுவின் பரவல் அடங்கும் என்பது கேள்வி. இங்கே ஆளுக்கு ஆள் குலுக்கிப் போட்டால் பயனில்லை. ஒரு வீட்டில் அண்ணன் மாத்திரை சாப்பிட்டு, தம்பி சாப்பிடாவிட்டால், கொசு இருவரையும் கடிக்கும்; அண்ணனின் பலன் தம்பிக்கும், தம்பியின் புழு அண்ணனுக்கும் போய்ச் சேரும். அதனால் கிராமத்தையே ஓர் அலகாக வைத்தார்கள். சில கிராமங்களுக்கு டி.இ.சி., சிலவற்றுக்கு ஐவர்மெக்டின், சிலவற்றுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை எதற்கு? மழை பொய்த்து ஒரு வருடம் கொசு குறைந்தால் எல்லா ஊரிலும் புழு குறையும். ஊரில் புதிதாகச் சாக்கடை கட்டினாலும் குறையலாம். வெற்று மாத்திரை ஊர்கள் இல்லையென்றால் அந்தக் குறைவு முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

எதை அளந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வரும். ஊர் அடங்கிய பிறகு வீடு வீடாகப் போய், தூக்கத்திலிருந்து எழுப்பி, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். அதோடு கொசுக்களையும் பிடித்து அறுத்து உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரவல் நிற்குமா என்ற கேள்விக்கு இவை சரியான அளவுகோல்கள். ஆனால் ஏற்கெனவே கால் வீங்கிய ஒருவர், "என் கால் குறையுமா?" என்று கேட்டால், ரத்தத்தில் புழு குறைந்த கணக்கு அவருக்கு விடையாகாது. முற்றிய வீக்கத்தை இந்த மாத்திரைகள் வற்ற வைப்பதில்லை. ஆய்வகத்தில் நல்ல செய்தியாக இருப்பது நோயாளியின் வாழ்வில் நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருந்து விளம்பரங்களில் சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு, எலும்பின் அடர்த்தி என்று எண்கள் காட்டப்படும்போதெல்லாம், இதனால் மாரடைப்பு குறைந்ததா, எலும்பு முறிவு குறைந்ததா என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

கால் வீங்கியவர்களுக்கான கேள்வியை ஆலப்புழையில் ஷெனாய் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1990களின் பிற்பகுதியில் கேட்டார்கள். அடிக்கடி வரும் அந்தக் காய்ச்சலைத் தடுப்பது எது? ஒரு குழுவுக்குப் பென்சிலின், ஒரு குழுவுக்கு டி.இ.சி., ஒரு குழுவுக்கு மேல்பூச்சு மருந்து, ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வெற்று மாத்திரை வாங்கியவர்களுக்கும் காய்ச்சல் குறைந்தது. அந்தக் குழு மட்டும் இல்லாதிருந்தால் சோப்பும் தண்ணீரும் செய்த வேலைக்கு ஏதோ ஒரு மாத்திரை பெயர் வாங்கியிருக்கும். இன்று யானைக்கால் நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு முதல் பாடமாகச் சொல்லித் தரப்படுகிறது. எனக்கு இந்தச் சோதனைமேல் தனி மதிப்பு உண்டு. விற்க எதுவும் இல்லாத ஒரு பழக்கத்தின் பலனை அது கண்டெடுத்துக் கொடுத்தது.

இந்தியாவில் நடந்த மருத்துவச் சோதனைகளில் உலகத்தின் நடைமுறையையே திருப்பிப்போட்ட ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் சென்னைச் சேத்துப்பட்டைத்தான் காட்டுவேன். 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே சேத்துப்பட்டில் இருக்கிறது. பிரிட்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் தலைமையேற்க வந்தார்.

அன்று டிபி என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் சில ஆயிரம். ஐசோனியசிட், பாஸ் என்ற மாத்திரைகள் வந்துவிட்டிருந்தன. அவற்றை வீட்டிலேயே வைத்துக் கொடுத்தால் போதாதா? போதாது என்று நினைக்க வலுவான காரணங்கள் இருந்தன. சென்னையின் ஏழை வீட்டில் ஓர் அறையில் ஐந்தாறு பேர். காற்றோட்டம் இல்லை. சாப்பாடு பற்றாது. இருமுகிறவரை அங்கேயே வைத்திருந்தால் பிள்ளைகளுக்கும் தொற்றாதா? அனுபவமுள்ள மருத்துவர்கள் இப்படிக் கேட்டதில் தவறில்லை. அந்த அச்சத்துக்கு அனுபவத்தால் விடை சொல்ல முடியாது என்பதால்தான் சோதனை தேவைப்பட்டது.

193 நோயாளிகள். எல்லாருக்கும் ஓராண்டு முழுக்க அதே இரண்டு மருந்துகள். குலுக்கல் தீர்மானித்தது இடத்தை மட்டும்: பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் தங்கள் வீட்டுக்கு. மருந்து ஒன்று, காலம் ஒன்று, நகரம் ஒன்று. மாறுவது ஒரே அம்சம். போன வருடச் சானடோரியக் கணக்கை எடுத்து இந்த வருட வீட்டுக் கணக்கோடு ஒப்பிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். போன வருடத்து நோயாளி வேறு, மருத்துவர் வேறு, கிருமியின் எதிர்ப்புத் திறனும் வேறாக இருக்கலாம்.

யார் எங்கே இருக்கிறார் என்பதை இங்கே மறைக்க முடியாது. வீட்டில் இருப்பவருக்குத் தான் வீட்டில் இருப்பது தெரியும். அதனால் அளவுகோலைக் கறாராக வைத்தார்கள். "தெம்பாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு வரும் பதிலையோ, மருத்துவரின் கண்மதிப்பையோ நம்பி முடிவு எழுதவில்லை. சளியைத் தொடர்ந்து எடுத்து ஆய்வகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். கிருமிக்கு நோயாளியின் முகவரி தெரியாது. எடையை மட்டும் பார்த்திருந்தால் சானடோரியமே வென்றிருக்கும். அங்கே உணவும் ஓய்வும் அதிகம், எடையும் அதிகமாகக் கூடியது. ஆனால் கேள்வி, நோய் போனதா என்பது.

முடிவுகள் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தன. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஆறு சதவீத வேறுபாடு இருக்கிறதே என்று தோன்றும். ஒவ்வொரு பக்கமும் நூறுக்கும் குறைவானவர்கள் என்பதை நினைவில் வைத்தால், அது ஐந்தாறு ஆட்களின் வேறுபாடு. இதே சோதனையை மறுபடி நடத்தினால் அந்த ஐந்தாறு பேர் இடம் மாறலாம். இதற்குத்தான் ஆய்வாளர்கள் ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்தாமல், உண்மையான வேறுபாடு எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று ஒரு வீச்சையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சிறிய சோதனையில் வீச்சு அகலமாக இருக்கும். ஆட்கள் கூடக் கூடக் குறுகும். அதனால் ஃபாக்ஸ் குழுவினர் ஓராண்டோடு விடவில்லை. ஐந்தாண்டு பின்தொடர்ந்தார்கள். அப்போது இரண்டு குழுக்களும் ஒன்றுபோலவே இருந்தன. எல்லாரும் பயந்த இன்னொரு விஷயத்திலும் விடை கிடைத்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் போனவரின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. நோய் கண்டுபிடிக்கப்பட்டு மருந்து தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலான தொற்று நடந்துவிட்டிருந்தது.

இப்படிப்பட்ட சோதனையில் எப்போதும் ஒரு சங்கடம் வரும். சானடோரியத்துக்கு ஒதுக்கப்பட்டவர், பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முடியாமல் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டால் அவரை எந்தக் கணக்கில் எழுதுவது? நேர்மையான வழி, குலுக்கல் அவரை எங்கே போட்டதோ அங்கேயே எழுதுவது. பாதியில் போனவர்களை நீக்கிவிட்டுக் கடைசிவரை இருந்தவர்களை மட்டும் எண்ணினால், பொறுமைசாலிகளும் ஓரளவு வசதியுள்ளவர்களும் மட்டுமே அந்தப் பக்கத்தில் மிஞ்சுவார்கள். குலுக்கல் தந்த சமநிலை கெட்டுவிடும். மக்கள் பாதியில் விட்டுவிடுவதும் ஒரு சிகிச்சையின் இயல்புகளில் ஒன்று; அதை மறைத்துக் கணக்குச் சொன்னால் நாளை வேறு ஊரில் அது அப்படியே நடக்காது.

சேத்துப்பட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்து எடுத்துக்கொண்டேன் என்று சொன்ன எல்லாரும் ஒழுங்காக எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. கண்ணெதிரே விழுங்க வைக்கும் முறை, வாரம் இரண்டு முறை மட்டும் கொடுக்கும் முறை என்று அதே மையம் அடுத்தடுத்துச் சோதனைகளை நடத்தியது அங்கிருந்துதான். பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர் சென்னையின் குடிசைப் பகுதிகளில் இருக்கிறது.

எதிர்பார்ப்பை உடைத்த சோதனையும் அதே வட்டாரத்தில் நடந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர்ப் பகுதியில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு வெற்று ஊசி என்பது ஊசி போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது 1979இல் வெளியானபோது அதை விரும்பி வரவேற்க யாரும் இல்லை. ஆனாலும் வெளியிட்டார்கள். குழந்தைகளின் மூளைக் காசநோய் போன்ற கடும் வடிவங்களைத் தடுப்பதற்காக இன்றும் அந்த ஊசி பிறந்தவுடன் போடப்படுகிறது.

அண்மைக் காலத்தில் நாமெல்லாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020இலும் 2021இலும் கொரோனா நோயாளிக்குப் பிளாஸ்மா வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எத்தனை செய்திகள் வந்தன. குணமானவரின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது, அதை நோயாளிக்கு ஏற்றினால் குணமாவார் என்பது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஏற்றிக்கொண்டு பிழைத்தவர்கள் கண்முன்னே இருந்தார்கள். அந்த நெருக்கடிக்குள்ளேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் குலுக்கல் முறைச் சோதனை நடத்தி முடித்தது. சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவன ஆய்வாளர்களும் அதில் பங்குகொண்டார்கள். நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். மூச்சுத் திணறலும் அசதியும் ஏழாம் நாளில் பிளாஸ்மா பக்கம் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆனால் யாருக்குப் பிளாஸ்மா ஏறியது என்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனை அது. தெரிந்தபின் நோயாளி தன் உடல்நிலையைச் சொல்வதிலும் மருத்துவர் அதைக் குறித்துக்கொள்வதிலும் நம்பிக்கை கலந்துவிடும். இறப்பின் எண்ணிக்கையில் அது கலக்காது. 2020 அக்டோபரில் முடிவு வந்த பிறகும் ஏழெட்டு மாதம் பிளாஸ்மா தேடல் ஓயவில்லை. 2021 மே மாதத்தில்தான் அரசின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து அது நீக்கப்பட்டது. அந்த மாதங்களில் இரவெல்லாம் கொடையாளரைத் தேடி அலைந்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது பலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஹைட்ரோகார்ட்டிசோன், ஒவ்வாமை எதிர்ப்பு ஊசி எல்லாம் போடுவது பல மருத்துவமனைகளின் வழக்கம். இலங்கையில் களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா குழுவினர் 1,007 நோயாளிகளிடம் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் கணிசமாகக் குறைத்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் ஒவ்வாமை எதிர்ப்பு ஊசியும் குறைக்கவில்லை. வழக்கத்தில் நெடுங்காலம் இருப்பதே ஒரு சிகிச்சைக்குச் சான்றாகாது என்பதற்கு, பாம்புக் கடி மலிந்த நம் கிராமங்களுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

குலுக்கல் என்றதும் பலருக்கும் எழும் எதிர்ப்பு நியாயமானது. மனித உயிரை வைத்துச் சீட்டுப் போடலாமா? எது நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் போடக்கூடாது. தெரிந்த நல்ல சிகிச்சையை மறுத்துவிட்டு வெற்று மாத்திரை கொடுப்பது குற்றம். உண்மையிலேயே தெரியாதபோது மட்டுமே குலுக்கலுக்கு நியாயம் உண்டு. 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பக்கம் 4 பேர் இறந்தார்கள், இரண்டாம் பக்கம் 14 பேர். அன்று எல்லாருக்கும் கொடுக்க மருந்து இல்லை. அந்த 14 பேரை மறந்துவிட்டு அந்தச் சோதனையைப் பாராட்டக் கூடாது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் இன்று சட்டம் இருக்கிறது. 2019இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, சோதனையை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத சாதாரணக் குடிமகன் ஒருவரும் வேண்டும். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. 2009 முதல், தொடங்கும் முன்பே இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் எழுதிவைப்பது கட்டாயம்: எத்தனை பேர், எதை அளக்கப்போகிறோம், எப்போது அளப்போம். இந்தப் பதிவு இல்லாவிட்டால், பத்து விஷயங்களை அளந்து ஒன்றில் நல்ல எண் வந்ததும் அதுவே எங்கள் கேள்வி என்று சொல்லிவிடலாம். பலனில்லாத சோதனையை அலமாரியில் பூட்டிவிடலாம்.

ஆனால் சட்டம் பாதி வழிதான் வரும். அரசு மருத்துவமனைக்கு வருபவர் பெரும்பாலும் மருத்துவரைக் கேள்வி கேட்டுப் பழகாதவர். ஒப்புதல் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடாவிட்டால் நம்மைக் கவனிப்பார்களோ மாட்டார்களோ என்று தயங்கியே கைநாட்டு வைப்பார். அவருக்குப் புரியும் தமிழில், அவசரமில்லாமல் சொல்ல வேண்டியவை இவை: இது சோதனை; உங்களுக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்; வேண்டாம் என்றால் வழக்கமான சிகிச்சை குறையாமல் கிடைக்கும்; நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். பக்கம் பக்கமாக மொழிபெயர்க்கப்பட்ட படிவத்தைவிட, கூட வந்த உறவினரையும் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசுவது மேலானது. விழுப்புரத்துக் கிராமத்தார் நள்ளிரவில் விரலை நீட்டியதாலும், சென்னைக் குடிசைவாசிகள் திடீரென்று வந்து மாத்திரை எண்ணியவர்களைப் பொறுத்துக்கொண்டதாலும்தான் நமக்கு இந்த அறிவெல்லாம் கிடைத்தது. அவர்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

சேத்துப்பட்டுச் சோதனை ஒரு தவறான முடிவுக்கும் இடம் கொடுத்தது; அதில் சோதனையின் குற்றம் ஒன்றுமில்லை. வீட்டில் குறைவாகச் சாப்பிட்டவரும் மருந்தால் குணமானார் என்றதும், காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடும் நோயாளியின் கிருமி அடங்கச் சானடோரியச் சாப்பாடு தேவையா என்பது. பட்டினி கிடக்கும் வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவதைச் சாப்பாடு தடுக்குமா என்று அது கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம், அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்களுடன் சேர்ந்து ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் கேட்டது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேர் அதில் சேர்ந்தார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. குலுக்கலில் வந்த ஒரு பகுதியில் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, சத்து மாத்திரைகள் தரப்பட்டன. 2023இல் முடிவு வெளியானது. உணவு பெறாத வீட்டாரில் 2.6 சதவீதம் பேருக்குக் காசநோய் வந்தது. பெற்ற வீட்டாரில் 1.7 சதவீதம்.

செய்தித்தாள்கள் இதைக் காசநோய் 39 சதவீதம் குறைந்தது என்று எழுதின. பின்தொடர்ந்த காலத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் சரியான எண் அது. 100 பேருக்கு ஒருவர் என்ற அளவில் குறைந்தது என்று எழுதியிருந்தாலும் அதுவும் சரி. முதல் எண் பெரிதாக ஒலிக்கும், இரண்டாவது சிறிதாக ஒலிக்கும். ஒரு சிகிச்சையை எடைபோட இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். ஏறக்குறைய 30 வீடுகளுக்கு, அதாவது 111 பேருக்கு, உணவு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் காக்கலாம். கொடுப்பது அரிசியும் பருப்பும் என்பதால், நோய் வராத மற்ற 110 பேருக்கும் அது வீணாகவில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு, காசநோயாளிகளுக்கு மாதம் தரும் ஊட்டச்சத்துத் தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக உயர்த்தியது. கொடையாளர்கள் வழங்கும் உணவுப் பொட்டலத்தை அவர்களின் வீட்டாருக்கும் விரிவாக்குவதாக அறிவித்தது.